இயற்பியல் ஏன் கடினமாகிறது? – வாசகர் கேள்வி பதில்

பள்ளிகளில் இயற்பியல் கற்பிக்கப்படும் முறை குறித்துப் பெற்றோர், ஆசிரியர், மாணவர் என மூன்று தரப்பிலிருந்தும் கடிதங்கள் வந்துள்ளன. அரசு மேல்நிலைப் பள்ளிகளில் நெடுங்காலம் இயற்பியல் கற்பித்து ஓய்வுபெற்ற முதுகலை ஆசிரியர் அவற்றுக்கு இங்கே பதிலளிக்கிறார்.

கேள்வி: என் மகன் பத்தாம் வகுப்பில் அறிவியலில் 92 மதிப்பெண் வாங்கினான். பிளஸ் ஒன் சேர்ந்த பிறகு முதல் இடைப்பருவத் தேர்விலேயே இயற்பியலில் தோற்றுவிட்டான். மற்ற பாடங்களில் குறை இல்லை. அவன் படிக்கவில்லையா, பள்ளியில் சரியாகச் சொல்லித் தரவில்லையா? – ஒரு தாய், தேனி

பதில்: இருவரில் ஒருவரைக் குறை சொல்வதற்கு முன் அந்த 92 எதற்குக் கிடைத்த மதிப்பெண் என்று பாருங்கள், அம்மா. தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் பத்தாம் வகுப்பு அறிவியல் ஒரே பாடம், ஒரே தாள். எழுத்துத் தேர்வுக்கு 75, செய்முறைக்கு 25. புத்தகத்தின் 23 அலகுகளில் இயற்பியலுக்கு உரியவை ஆறு. உயிரியலையும் வேதியியலையும் ஊன்றிப் படித்து, இயற்பியலில் வரையறைகளையும் சில நெடுவினாக்களையும் மனப்பாடம் செய்த மாணவர் தொண்ணூறைத் தாண்டிவிட முடியும். ஆகவே உங்கள் மகன் இயற்பியலில் எவ்வளவு தேறியிருந்தான் என்பதை அந்த மதிப்பெண் உங்களுக்கும் சொல்லவில்லை, அவனுக்கும் சொல்லவில்லை. அதே மாணவன் ஜூன் மாதத்தில் இயற்பியலைத் தனிப்பாடமாக, இரண்டு தொகுதிகள் கொண்ட புத்தகமாக எதிர்கொள்கிறான்.

அடுத்தது கணிதம். நான் அதிகம் கவலைப்படுவது இதைப் பற்றித்தான். பிளஸ் ஒன் இயற்பியலின் இரண்டாவது அலகே இயக்கவியல். அதற்கு வெக்டர் வேண்டும், வகையீடு வேண்டும், தொகையீடும் வேண்டும். ஆனால் பிளஸ் ஒன் கணிதப் புத்தகத்தில் வெக்டர் இயற்கணிதமும் நுண்கணிதமும் இரண்டாம் தொகுதியில் இருக்கின்றன. கணித ஆசிரியர் கணங்களையும் முக்கோணவியலையும் நடத்திக்கொண்டிருக்கும் வாரங்களில், பக்கத்து வகுப்பு நேரத்தில் இயற்பியல் ஆசிரியர் கரும்பலகையில் வகைக்கெழு எழுதுகிறார். இரண்டு பாடவேளைகளில் விதிகளைச் சொல்லிவிட்டு அவர் மேலே போக வேண்டியிருக்கிறது. மாணவர்கள் அந்தக் குறியீடுகளை வரைந்துகொள்கிறார்களே தவிர, ஒரு வளைகோட்டின் சாய்வைத்தான் அது குறிக்கிறது என்பது அவர்கள் மனத்தில் பதிவதில்லை. நன்றாகப் படிக்கும் பிள்ளைகள் இயற்பியல் தங்களுக்கு வராது என்று முடிவுகட்டுவது பெரும்பாலும் இந்த வாரங்களில்தான். இரு ஆசிரியர்களும் ஆண்டுத் தொடக்கத்தில் உட்கார்ந்து பேசி, கணித வகுப்பில் சாய்வு, வெக்டர் கூட்டல் ஆகியவற்றை மட்டும் முன்கூட்டியே நடத்தினால் இந்தச் சிக்கலின் பெரும்பகுதி தீர்ந்துவிடும். இதற்கு அரசாணை தேவையில்லை. தலைமையாசிரியர் நினைத்தால் போதும்.

வீட்டில் நீங்கள் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. அவனிடம் இப்படிக் கேளுங்கள்: நேராக மேலே எறிந்த கல் உச்சியைத் தொடும் கணத்தில் அதன் திசைவேகம் எவ்வளவு, முடுக்கம் எவ்வளவு? திசைவேகம் சுழி என்று சரியாகச் சொல்வான். முடுக்கமும் சுழி என்று சொன்னால், அவன் சூத்திரத்தைப் படித்திருக்கிறான், இயக்கத்தைப் படிக்கவில்லை என்று பொருள். உடனே திருத்த வேண்டாம். அந்தக் கணத்தில் முடுக்கம் இல்லையென்றால் கல் அடுத்த கணம் என்ன செய்யும் என்று மட்டும் கேட்டுவிட்டுக் காத்திருங்கள். திசைவேகம் மாறாவிட்டால் கல் அங்கேயே நின்றுவிட வேண்டும் என்பதை அவனே கண்டுபிடிப்பான். இயற்பியல் தெரியாத பெற்றோரும் இந்தக் கேள்வியைக் கேட்கலாம். இதற்குத் தேவையானதெல்லாம் பதில் வரும்வரை பேசாமல் இருக்கும் பொறுமைதான்.

கேள்வி: நான் தூய அறிவியல் பிரிவில் படிக்கிறேன். எங்களுக்குக் கணிதப் பாடமே இல்லை. ஆனால் கணிதம் படிப்பவர்களுக்குள்ள அதே இயற்பியல் புத்தகம்தான் எங்களுக்கும். நாங்கள் எப்படிச் சமாளிப்பது? – பிளஸ் ஒன் மாணவி, அரியலூர்

பதில்: உங்கள் கேள்வி நியாயமானது. தாவரவியலும் விலங்கியலும் எடுத்த மாணவர்களுக்கு ஒரே புத்தகம், ஒரே வினாத்தாள் என்று வைத்துவிட்டு, அதற்கு வேண்டிய கணிதத்தை யார் சொல்லித் தருவது என்பதைப் பாடத்திட்டம் பள்ளியின் பொறுப்பில் விட்டிருக்கிறது. பல பள்ளிகளில் அந்தப் பொறுப்பை யாரும் ஏற்பதில்லை.

அஞ்ச வேண்டாம், உங்களுக்குத் தேவைப்படும் கணிதம் அளவில் சிறியது. பத்தின் அடுக்குகளைப் பெருக்கி வகுப்பது, ஒரு சமன்பாட்டில் வேண்டிய அளவைத் தனியே பிரித்தெடுப்பது, ஒன்று இருமடங்கானால் மற்றொன்று என்னவாகும் என்று பார்ப்பது, செங்கோண முக்கோணத்தில் சைன், கொசைன் காண்பது, வரைபடத்தில் சாய்வும் பரப்பும் காண்பது ஆகிய இவை கைவந்துவிட்டால் இரண்டு ஆண்டுப் பாடத்தில் பெரும்பகுதியைப் பின்தொடரலாம். பத்தாம் வகுப்புக் கணிதத்தை முடித்த உங்களுக்கு இவற்றில் பல ஏற்கெனவே தெரிந்தவை. உங்கள் பிரிவு மாணவிகள் சேர்ந்து கணித ஆசிரியரிடம் சில மாலை வகுப்புகள் கேளுங்கள். மாணவர்கள் தாங்களாகவே வந்து கேட்கும்போது மறுக்கிற ஆசிரியர் குறைவு.

கேள்வி: நான் விலங்கியல் பட்டதாரி. அரசு உயர்நிலைப் பள்ளியில் ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்கு அறிவியல் முழுவதையும் நானே நடத்துகிறேன். இயற்பியல் அலகுகள் வரும்போது எனக்கே தயக்கமாக இருக்கிறது. புத்தகத்தை வாசித்துக் கோடிட்டுக் காட்டுவதோடு நின்றுவிடுகிறேன். எப்படி மாற்றிக்கொள்வது? – பெயர் வெளியிட விரும்பாத ஆசிரியை, தருமபுரி மாவட்டம்

பதில்: இவ்வளவு வெளிப்படையாக எழுதியதற்கு நன்றி, அம்மா. சிறிய உயர்நிலைப் பள்ளிகளில் மாணவர் எண்ணிக்கையை ஒட்டியே பணியிடங்கள் அமைவதால், எந்தப் பட்டம் பெற்றவராயினும் கிடைக்கிற அறிவியல் ஆசிரியரே மூன்று அறிவியல்களையும் நடத்துகிறார். மேல்நிலை வகுப்புகளிலும் இயற்பியல் பணியிடம் காலியாகக் கிடந்தால் பெற்றோர் ஆசிரியர் கழகத்தின் வழியே தொகுப்பூதியத்தில் ஒருவர் வருகிறார். அவர் ஆண்டு நடுவே வேறு வேலைக்குப் போய்விட்டால் பிள்ளைகளின் பாடம் அந்தரத்தில் நிற்கிறது. மாணவர் இயற்பியலைக் கற்பதில் பெரிதும் தலையிடும் காரணி எதுவென்று என்னைக் கேட்டால், ஆய்வகத்தையும் கணினியையும் விட முதலில் இதைத்தான் சொல்வேன். ஆசிரியருக்குப் பாடத்தில் நம்பிக்கை இல்லாவிட்டால் மாணவரின் கேள்வியை அவர் தன்னையறியாமலே தடுத்துவிடுவார். கேள்வி எழாத வகுப்பில் இயற்பியல் நடக்காது.

ஆறு அலகுகளையும் ஒரே ஆண்டில் சீர்படுத்த முயலாதீர்கள். மின்னோட்டவியலை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு டார்ச் செல், ஒரு இழை பல்பு, ஒரே ஒரு கம்பித் துண்டு. இந்த மூன்றை மட்டும் வைத்துப் பல்பை எரிய வைக்க வேண்டும் என்று சொல்லுங்கள். பொருளைக் கையில் கொடுப்பதற்கு முன் எப்படி இணைப்பார்கள் என்று படம் வரையச் சொல்லுங்கள். பலர் செல்லின் முனையிலிருந்து பல்பின் அடிப்புள்ளிக்கு ஒரு கோடு வரைந்து நிறுத்திவிடுவார்கள். மின்சாரம் குழாய்த் தண்ணீரைப் போல ஒரு பக்கமாக வந்து சேர்ந்தால் போதும் என்ற எண்ணம் அவர்களுக்கு உள்ளூர இருக்கிறது. பல்பின் பக்கவாட்டு உலோகமும் ஒரு முனை என்பதைத் தேடித் தேடி அவர்களே கண்டுபிடிக்கும்போது மூடிய சுற்று என்பது வரையறையாக இல்லாமல் அனுபவமாகிவிடும்.

அதன்பின் இரண்டு செல்களோடு ஒரே வகைப் பல்புகள் இரண்டைத் தொடராக இணையுங்கள். இணைக்கும் முன், எது அதிகமாக எரியும் என்று கேட்டுக் கையுயர்த்தச் சொல்லி, எண்ணிக்கையைக் கரும்பலகையில் எழுதுங்கள். முதல் பல்பு மின்னோட்டத்தில் கொஞ்சத்தைச் செலவழித்துவிடும், இரண்டாவது மங்கும் என்பார்கள் பலர். இரண்டும் ஒரே அளவில் எரிவதைக் காணும்போது வகுப்பில் ஒரு சலசலப்பு எழும். அந்தச் சலசலப்புக்காகத்தான் இவ்வளவும். கடையில் வாங்கிய பல்புகள் எப்போதும் அச்சாக ஒன்றுபோல் இருப்பதில்லை, ஒன்று சற்று மங்கலாகவும் தெரியலாம். அப்போது இரண்டையும் இடம் மாற்றி வையுங்கள். மங்கல் பல்போடு இடம்பெயர்ந்தால் அது பல்பின் குணம், மின்னோட்டத்தின் குணம் அன்று. இந்த ஒரு இடமாற்றத்தில் சோதனை என்றால் என்ன என்பதையும் பிள்ளைகள் கற்றுக்கொள்வார்கள்.

ஓர் எச்சரிக்கை. இப்போது கடைகளில் எளிதில் கிடைப்பது எல்.இ.டி. விளக்குகள். அவற்றை இந்தச் சோதனைக்குப் பயன்படுத்தாதீர்கள். எல்.இ.டி. ஒரு திசையில் மட்டுமே மின்னோட்டத்தை விடும், 1.5 வோல்ட் செல் ஒன்றால் அது எரியவும் செய்யாது. முதல் வகுப்பிலேயே அந்தச் சிக்கல் குறுக்கிட்டால் பிள்ளைகள் குழம்பிவிடுவார்கள். பழைய டார்ச் லைட்டுகளின் இழை பல்புகளைத் தேடி வாங்கி ஒரு டப்பாவில் பத்திரப்படுத்துங்கள்.

கணக்குகளைப் பொறுத்தவரை, பாடப் பின்பகுதியில் உள்ள ஒவ்வொன்றையும் வகுப்புக்குப் போவதற்கு முன் நீங்களே தாளில் போட்டுப் பாருங்கள். அருகிலுள்ள மேல்நிலைப் பள்ளியின் இயற்பியல் ஆசிரியரோடு பேசுவதற்கு, சுற்றுவட்டாரப் பள்ளிகளின் ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டங்களைப் பயன்படுத்திக்கொள்ளலாம். தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 1980 முதல் இயங்கி வருகிறது. அதன் மாவட்டக் கிளைகளில் எளிய சோதனைகளைச் செய்துகாட்டத் தெரிந்த ஆசிரியர்கள் பலர் இருக்கிறார்கள். விலங்கியல் படித்த உங்களுக்கு ஒரு நன்மையும் உண்டு. பாடத்தை நீங்களும் இப்போதுதான் புதிதாகக் கற்பதால், மாணவர் எந்த வரியில் இடறுவார் என்பது உங்களுக்குத் தெரியும். எங்களைப் போல் நெடுநாள் இயற்பியலிலேயே ஊறியவர்களுக்கு அது எளிதில் தெரிவதில்லை.

கேள்வி: செய்முறைத் தேர்வுக்கு 20 மதிப்பெண்தான், அதையும் ஏறக்குறைய எல்லோருக்கும் முழுமையாகப் போட்டுவிடுகிறார்கள். பிறகு ஆய்வகத்துக்கு அவ்வளவு நேரம் செலவிடுவது ஏன்? அந்த நேரத்தில் பாடத்தைத் திருப்புதல் செய்தால் பயனுள்ளதாக இருக்காதா? – ஒரு தந்தை, நாமக்கல்

பதில்: பிளஸ் டூ இயற்பியலில் எழுத்துத் தேர்வுக்கு 70, செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10 என்பது கணக்கு. கணக்கை மட்டும் பார்த்தால் நீங்கள் சொல்வது சரியாகவே தோன்றும்; பல பள்ளிகளும் அப்படித்தான் நினைக்கின்றன. அதனால்தான் மீட்டர் சமனச்சுற்று, மின்னழுத்தமானி, டேஞ்சன்ட் கால்வனோமீட்டர், நிறமாலைமானி என்று பாடத்திட்டம் சொல்லும் கருவிகள் ஆண்டின் கடைசி வாரங்களில் வெளியே வருகின்றன. ஒரு நிறமாலைமானியைச் சுற்றிப் பத்துப் பேர் நிற்க, ஒருவர் மட்டும் தொலைநோக்கியில் கண்ணை வைக்கிறார். மற்றவர்கள் அவர் சொல்லும் அளவீட்டை எழுதிக்கொள்கிறார்கள். பதிவேடு அழகாக முடிந்துவிடுகிறது.

இதனால் என்ன இழப்பு என்பதைப் பிளஸ் ஒன் தனி ஊசல் சோதனையைக் கொண்டே சொல்கிறேன். ஒரு மீட்டர் நீள ஊசல் ஒருமுறை போய்வர ஏறத்தாழ 2 விநாடி ஆகும். நிறுத்துக் கடிகாரத்தை அழுத்துவதில் நம் கை சுமார் 0.2 விநாடி முன்பின்னாகிவிடும் என்று வைத்துக்கொள்வோம். ஒரே ஓர் அலைவை அளந்தால் பிழை பத்தில் ஒரு பங்கு. ஈர்ப்பு முடுக்கத்தைக் கணக்கிடும்போது அலைவுநேரத்தை இருமடிப்பதால் அந்தப் பிழை ஐந்தில் ஒரு பங்காகப் பெருகும். இருபது அலைவுகளைச் சேர்த்து 40 விநாடி அளந்தாலோ, அதே 0.2 விநாடிப் பிழை இருநூற்றில் ஒரு பங்காகச் சுருங்கி, ஈர்ப்பு முடுக்கத்தில் நூற்றில் ஒரு பங்குதான் தவறும். இருபது அலைவுகளை எண்ணச் சொல்வது இதற்காகத்தான். பதிவேட்டில் ‘20 அலைவுகளுக்கான நேரம்’ என்ற கட்டத்தை நிரப்பிய மாணவர்களிடம் ஏன் இருபது என்று கேட்டுப் பாருங்கள். பதில் சொல்பவர் மிகச் சிலராகவே இருப்பார்கள். அளவீடு என்றால் பிழையும் உடன் வரும், அந்தப் பிழையை அறிவால் குறைக்கலாம் என்ற எண்ணம் ஒரு மாணவர் மனத்தில் விழுகிற இடம் ஆய்வகம் மட்டுமே. திருப்புதல் வகுப்பில் அது கிடைக்காது.

இதைவிடப் பெரிய கேடு ஒன்று உண்டு. விடை 9.8 வர வேண்டும் என்று முன்பே தெரிந்திருப்பதால், பிள்ளைகள் அளவீடுகளைத் திருத்தி எழுதுகிறார்கள். சில இடங்களில் ஆசிரியரே திருத்தச் சொல்கிறார். 9.5 என்று வந்த விடையை அப்படியே எழுதி, நூலின் நீளத்தைக் குண்டின் மையம் வரை அளந்தோமா, வீச்சு பெரிதாகிவிட்டதா என்று தேடும் மாணவருக்குத்தான் முழு மதிப்பெண் தர வேண்டும். நம் ஆய்வகங்களில் பெரும்பாலும் நேர்மாறாகவே நடக்கிறது.

வேறு விதமாகவும் செய்ய முடியும் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று இருக்கிறது. மத்தியப் பிரதேசத்தின் ஹோசங்காபாத்தில் 1972-இல் தொடங்கிய அறிவியல் கற்பித்தல் திட்டத்தில், ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான கிராமப்புற அரசுப் பள்ளி மாணவர்கள் சோதனைகளைத் தாங்களே செய்து அதிலிருந்து பாடத்தைக் கற்றார்கள். தேர்வைப் புத்தகத்தைத் திறந்து வைத்தே எழுதினார்கள். 2002-இல் அரசு அத்திட்டத்தை நிறுத்தியது. விலை உயர்ந்த கருவிகள் இல்லாத பள்ளிகளில் முப்பது ஆண்டுகள் அது நடந்தது என்பதை நம் பள்ளி நிர்வாகிகள் அறிந்திருக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2022-இல் தொடங்கிய வானவில் மன்றமும் அதே வகுப்புகளுக்குச் சோதனைகளைக் கொண்டுசெல்கிறது. எட்டாம் வகுப்போடு நின்றுவிடாமல் அந்தப் பழக்கம் ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்கும் தொடர வேண்டும் என்பது என் விருப்பம்.

கேள்வி: தமிழ் வழியில் படிப்பதால் இயற்பியலில் பின்தங்கிவிடுவேனா? பிளஸ் ஒன்னில் ஆங்கில வழிக்கு மாறிவிடலாமா? – மாணவர், விருத்தாசலம்

பதில்: மாற வேண்டாம் என்பது என் கருத்து. பாடம் கடினமாகும் அதே ஆண்டில் மொழியையும் மாற்றிக்கொண்டால், எது புரியவில்லை என்பதே உங்களுக்குத் தெரியாமல் போய்விடும். பிளஸ் டூ இயற்பியல் வினாத்தாள் இரு மொழிகளிலும் அச்சாகிறது. நீட் தேர்வையும் தமிழில் எழுதலாம். ஆங்கிலவழி வகுப்புகளில்கூட ஆசிரியர் விளக்குவதும் மாணவர் ஐயம் கேட்பதும் பெரும்பாலும் தமிழில்தான் என்பதை எல்லோரும் அறிவோம். கல்லூரிக்குப் போகும்போது ஆங்கிலம் தேவைப்படும். அதற்கு இப்போதிலிருந்தே ஒவ்வொரு பாடத்திலும் வரும் கலைச்சொற்களை இரு மொழியிலும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வாருங்கள். அதுவே போதும்.

கேள்வி: என் மகள் ஒன்பதாம் வகுப்புக்குப் போகிறாள். நீட் தேர்வுக்கான அடித்தளப் பயிற்சி என்று ஒரு தனியார் மையத்தில் இப்போதே சேர்க்கச் சொல்கிறார்கள். சேர்க்கலாமா? – ஒரு தந்தை, ஈரோடு

பதில்: நீட் தேர்வில் 180 வினாக்கள், 180 நிமிடங்கள், அவற்றில் 45 இயற்பியல். ஒரு வினாவுக்கு ஒரு நிமிடம் என்னும்போது எந்தச் சூத்திரத்தை எங்கே போடுவது என்று கண்டதும் அடையாளம் காணும் பயிற்சி வேண்டியிருக்கிறது. பிளஸ் டூ முடிக்கும் மாணவருக்கு அந்தப் பயிற்சியால் பயன் உண்டு. பதினான்கு வயதுக் குழந்தைக்கு அதனால் தீங்குதான் அதிகம் என்று நினைக்கிறேன். விசை என்றால் என்ன என்று நிதானமாக யோசிக்க வேண்டிய வயதில், நான்கு விடைகளில் ஒன்றைக் குறிக்கும் வேகத்தைப் பழக்கினால், யோசிப்பதே தேவையற்ற தாமதம் என்று அது நினைத்துவிடும்.

அவசரப்படுத்துவதால் வரும் கேட்டை நாம் முன்பே பார்த்திருக்கிறோம். 2007 முதல் பொறியியல் சேர்க்கைக்கு நுழைவுத் தேர்வு இல்லாமல், பிளஸ் டூ கணிதத்தை 100-க்கும் இயற்பியல், வேதியியலைத் தலா 50-க்கும் மாற்றித் தரவரிசை போடுகிறார்கள். பிளஸ் டூ மதிப்பெண்ணே எல்லாவற்றையும் தீர்மானித்ததால், பல தனியார் பள்ளிகள் பிளஸ் ஒன் பாடத்தைத் தொட்டும் தொடாமலும் விட்டுவிட்டு இரண்டு ஆண்டும் பிளஸ் டூ பாடத்தையே நடத்தின. இயக்க விதிகள், ஈர்ப்பியல், வெப்ப இயக்கவியல், அலைகள் எல்லாம் பிளஸ் ஒன்னில்தான் இருக்கின்றன; அவற்றைப் படிக்காமல் பொறியியல் கல்லூரிக்குப் போன பிள்ளைகள் முதலாண்டில் திணறினார்கள். அதைத் தடுக்கத்தான் 2017-18 கல்வியாண்டில் பிளஸ் ஒன்னுக்குப் பொதுத் தேர்வு வந்தது. 2025-இல் வெளியான மாநிலக் கல்விக் கொள்கை அந்தத் தேர்வைக் கைவிட்டிருக்கிறது. மாணவரின் மனச்சுமை குறையும் என்பதால் நானும் அதை வரவேற்கிறேன். ஆனால் பழைய வழக்கம் திரும்பிவிடக் கூடாது. பெற்றோர்கள் பள்ளியில் சேர்க்கும்போதே, பிளஸ் ஒன் பாடம் முழு ஆண்டும் நடக்குமா என்று கேட்டு உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

உங்கள் மகளை இப்போது பள்ளிப் புத்தகத்தைப் படிக்கவும், பழுதான மிதிவண்டி டைனமோவையோ ரேடியோவையோ பிரித்துப் பார்க்கவும் விடுங்கள். வீட்டு மின் இணைப்பில் மட்டும் கைவைக்க விடாதீர்கள்.

கேள்வி: எங்கள் பள்ளியில் திறன்பலகை வைத்திருக்கிறோம். நல்ல காணொளிகளும் இணையத்தில் கிடைக்கின்றன. இவற்றால் ஆசிரியர் பற்றாக்குறையை ஈடுகட்ட முடியாதா? – பள்ளி நிர்வாகி ஒருவர், காரைக்குடி

பதில்: ஈடுகட்ட முடியாது, துணையாக வைத்துக்கொள்ளலாம். கொரோனாக் காலத்தில் திரையை மட்டும் பார்த்துப் படித்த பிள்ளைகள் திரும்பி வந்தபோது, பாடத்தைக் கேட்டிருந்தார்கள், ஆனால் ஒரு கணக்கைத் தொடங்கக்கூடத் தடுமாறினார்கள். காணொளியில் எல்லாம் தடையின்றி ஓடுவதால் புரிந்ததுபோன்ற நிறைவு வந்துவிடுகிறது. முடிவு தெரிவதற்கு ஒரு கணம் முன்பு காணொளியை நிறுத்தி, அடுத்து என்ன நடக்கும் என்று கேட்கத் தெரிந்த ஆசிரியர் அந்த அறையில் வேண்டும்.

கொலராடோ பல்கலைக்கழகத்தில் நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன் 2002-இல் தொடங்கிய ‘பெட்’ பாவனைச் செயலிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றில் மாணவரே மின்தடையைக் கூட்டிக் குறைத்து விளைவைப் பார்க்கலாம். காணொளியைவிட இவை மேலானவை. அணுவைப் போலக் கண்ணுக்குத் தெரியாதவற்றுக்கு இவற்றைப் பயன்படுத்துங்கள். ஊசலுக்கும் வில்லைக்கும் உண்மைப் பொருளையே கொடுங்கள்.

கேள்வி: ஆய்வகத்தில் கருவிகளை எப்போதும் மாணவர்களே கையாள்கிறார்கள், எங்களை அளவீடு எழுதச் சொல்லிவிடுகிறார்கள். இதை எப்படிச் சொல்வது? – பிளஸ் டூ மாணவி, செங்கல்பட்டு

பதில்: உங்கள் ஆசிரியரிடம் நேரடியாகச் சொல்லுங்கள். கையெழுத்து நன்றாக இருக்கிறது என்ற காரணத்தால் பெண்பிள்ளைகளிடம் குறிப்பேடு போய்விடுகிறது. யாரும் தீய எண்ணத்தோடு செய்வதில்லை என்றாலும் விளைவு தீயதுதான். பிளஸ் டூ தேர்ச்சி விகிதத்தில் மாணவிகள் ஆண்டுதோறும் மாணவர்களை முந்துகிறார்கள். அப்படியிருந்தும், ஒரு மின்சுற்றைத் தனியாக இணைக்கச் சொன்னால் பின்வாங்குகிறவர்கள் அவர்களில் பலர் என்றால், அந்தத் தயக்கத்தை நம் ஆய்வகங்களே கற்றுக்கொடுத்திருக்கின்றன. ஆசிரியர்களுக்கு என் வேண்டுகோள்: ஒவ்வொரு சோதனைக்கும் இணைப்பவர், அளப்பவர், எழுதுபவர் என்று பெயர் குறித்து, அடுத்த சோதனையில் முறையை மாற்றுங்கள்.

கேள்வி: நான் பணியில் சேர்ந்து சில ஆண்டுகளே ஆன முதுகலை இயற்பியல் ஆசிரியர். விவாதம், செய்துகாட்டல் என்று நீங்கள் சொல்வதெல்லாம் எனக்கும் ஆசைதான். ஆனால் டிசம்பருக்குள் பதினொரு அலகுகளை முடித்துத் திருப்புதல் தேர்வுகள் தொடங்க வேண்டும். தேர்ச்சி விகிதம் குறைந்தால் ஆய்வுக் கூட்டத்தில் விளக்கம் கேட்கிறார்கள். நேரம் எங்கே இருக்கிறது? – ஆசிரியர், திருவண்ணாமலை

பதில்: தம்பி, மேலே வந்த எல்லாக் கேள்விகளும் உங்கள் கேள்வியில்தான் வந்து சேர்கின்றன. ஆசிரியர் இடம் காலியாக இருப்பது, கணிதம் பின்தங்கி வருவது, ஆய்வகம் பூட்டிக் கிடப்பது, பயிற்சி மையம் அவசரப்படுத்துவது எல்லாம் சேர்ந்து, மாணவர் ஒரு நிகழ்வின் முன் நின்று யோசிக்க வேண்டிய நேரத்தைத்தான் பறிக்கின்றன. அந்த நேரத்தை முழுமையாகத் திருப்பித் தருவது உங்கள் கையில் இல்லை; கொஞ்சம் தருவது உங்கள் கையில் இருக்கிறது.

அந்தக் கொஞ்சம் எவ்வளவு பெரியது என்பதற்கு ஆய்வுச் சான்று உண்டு. அமெரிக்க இயற்பியலாளர் டேவிட் ஹெஸ்டனிஸும் அவருடைய இரு கூட்டாளிகளும் 1992-இல் விசை பற்றிய எளிய பலவுள் தெரிவு வினாத்தொகுப்பு ஒன்றை வெளியிட்டார்கள். கணக்கே இல்லாத வினாக்கள்; எடை கூடிய குண்டும் குறைந்த குண்டும் ஒரே உயரத்திலிருந்து விழுந்தால் எது முதலில் தரையைத் தொடும் என்பது போன்றவை. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் எரிக் மாசுர் அதன் முந்தைய வடிவத்தைத் தம் மாணவர்களிடம் கொடுத்தபோது, கடினமான கணக்குகளைப் போடுபவர்களும் அதில் இடறினார்கள். நீங்கள் கற்பித்தபடி எழுதவா, நான் நினைக்கிறபடி எழுதவா என்று ஒரு மாணவி கேட்டதாக அவர் பதிவு செய்திருக்கிறார். அதன்பின் அவர் விரிவுரையின் நடுவே ஒரு வினாவை வைத்து, மாணவர்களைத் தனித்தனியாக விடை தேர்ந்தெடுக்கச் சொல்லி, பக்கத்தில் இருப்பவரோடு வாதிடச் செய்து, மீண்டும் விடை கேட்கும் முறைக்கு மாறினார். ரிச்சர்டு ஹேக் 1998-இல் உயர்நிலைப் பள்ளி, கல்லூரி, பல்கலைக்கழகம் என ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களின் முடிவுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, இப்படி மாணவரை ஈடுபடுத்திய வகுப்புகளின் முன்னேற்றம் விரிவுரை மட்டும் நடந்த வகுப்புகளைப் போல் ஏறத்தாழ இருமடங்கு இருந்தது. வசதி மிகுந்த அமெரிக்க வகுப்பறைகளின் முடிவை அப்படியே நம் அறுபது பேர் வகுப்புக்குப் பொருத்த முடியாதுதான். ஆனாலும் அந்த முறைக்குத் தேவையானது ஒரு நல்ல வினாவும் ஐந்து நிமிடமும்; அவை திருவண்ணாமலையிலும் கிடைக்கும்.

நியூட்டனின் மூன்றாம் விதியைத் திருப்புதல் செய்யும்போது இப்படிக் கேளுங்கள்: சுமை ஏற்றிய லாரி, நிற்கும் ஸ்கூட்டர் மீது மோதுகிறது, எது எதன்மேல் அதிக விசையைச் செலுத்துகிறது? விதியைப் பிழையின்றி ஒப்பிப்பவர்களே லாரி என்று கையுயர்த்துவார்கள். விடையைச் சொல்லிவிடாமல் இரண்டு நிமிடம் அவர்களைப் பேச விடுங்கள். விசை சமம், நிறை வேறு, ஆகவே முடுக்கம் வேறு என்று ஒரு மாணவர் தன் மொழியில் சொல்லும்போது, நீங்கள் அரைமணி நேரம் விளக்கியிருந்தால் கிடைத்திருக்கும் தெளிவைவிட அதிகம் கிடைக்கும்.

தேர்ச்சி விகிதத்துக்கு இதனால் குறை வராது. 70 மதிப்பெண் தாளில் ஒரு மதிப்பெண் வினாக்கள் பதினைந்து, இரண்டு மதிப்பெண்ணுக்கு ஆறு, மூன்று மதிப்பெண்ணுக்கு ஆறு, ஐந்து மதிப்பெண்ணுக்கு ஐந்து. ஐந்து மதிப்பெண் வருவித்தல்களில் பலவற்றை மனப்பாடத்தால் எழுதிவிடலாம் என்பது உண்மை. ஆனால் கட்டாய வினாவாக ஒரு கணக்கோ புதிய சூழலோ வந்தால் மனப்பாடம் கைவிட்டுவிடும். மெல்லக் கற்கும் மாணவர்கள் விடைத்தாளில் வெற்றிடம் விடுவது அங்கேதான். வகுப்பில் பேசிப் பழகியவர்கள் ஏதாவது இரண்டு வரியாவது சரியாக எழுதுவார்கள்.

பிளஸ் டூ நான்காம் அலகு மின்காந்தத் தூண்டலில் தொடங்குங்கள். ஒரு மீட்டர் நீளமுள்ள பி.வி.சி. குழாய் ஒன்று, அதே அளவு அலுமினியக் குழாய் ஒன்று, உள்ளே தாராளமாக நுழையும் வலிமையான நியோடிமியக் காந்தம் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். அலுமினியம் காந்தத்தை ஈர்க்காது என்பதை முதலில் தொட்டுக் காட்டுங்கள். பிறகு இரு குழாய்களிலும் காந்தத்தை விட்டால் எதில் முதலில் வெளிவரும் என்று கேட்டு, விடைகளைக் கரும்பலகையில் எழுதிவிட்டுக் காந்தத்தை விடுங்கள். பி.வி.சி. குழாயில் அரை விநாடிக்குள் விழுந்துவிடும். அலுமினியக் குழாயில் மெல்ல மெல்ல இறங்கி வரும். காரணத்தை அன்று சொல்ல வேண்டாம். வீட்டில் யோசித்து ஒரு பக்கம் எழுதி வரச் சொல்லுங்கள். அவர்கள் எழுதி வந்ததை வாசித்த பிறகு, தூண்டப்படும் மின்னோட்டம் தன்னை உண்டாக்கிய மாற்றத்தையே எதிர்க்கும் என்னும் லென்ஸ் விதியை மறுநாள் நடத்துங்கள்.